உன் அம்மாவின் பாட்டுக்கு நான் போட்ட மார்க்

மகனே,

இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நாம் இருவரும் பேச உட்கார்ந்தால் நாலாவது வாக்கியத்தில் நான் வாத்தியாராகிவிடுவேன், ஐந்தாவது வாக்கியத்தில் நீ போனைக் கையில் எடுத்துவிடுவாய். வெகு காலமாக அப்படித்தான் நடக்கிறது. அதனால் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. அதற்குள் இதை நீ படித்துவிட வேண்டும். படித்த பிறகு என்மேல் கோபம் வந்தால் வரட்டும். அது எனக்கும் புதிதில்லை, உனக்கும் புதிதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கியில் பெண் வீட்டில் நடந்ததை நீ இந்நேரம் மறந்திருப்பாய். மறக்கக்கூடிய விஷயம்தான் அது. ரிசப்ஷனில் பாட்டுக் கச்சேரி வைப்பது என்று முடிவாகி, உன் வருங்கால மாமனார், "ரெண்டு பேருக்கும் பிடிச்ச பாட்டாச் சொல்லுங்க தம்பி, பாட்டுக்காரங்கள்ட்ட முன்னாடியே குடுத்துரணுமாம்" என்றார். அந்தப் பெண் ஒரு பாட்டைச் சொன்னாள். நீ சிரித்தாய். "அய்யோ, அதெல்லாம் ஒரு படமா? அந்த வருஷம் வந்த மோசமான பத்துப் படம்னு போன மாசந்தான் என் சேனல்ல லிஸ்ட் போட்டேன். அதுல இது ரெண்டாவது" என்றாய். அவள் விடவில்லை. "இல்ல, அப்பா லீவுல வந்தப்ப..." என்று ஆரம்பித்தாள். நீ அவளை முடிக்கவிடாமல், "சென்டிமென்ட் வேற, ரசனை வேற" என்றாய். அவள் உன்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "எனக்கு எல்லாப் பாட்டும் பிடிக்கும். நீங்களே போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுக் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீ உடனே போனில் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டாய். உன் அம்மா தன் இடது கையால், அவளுக்கு இப்போது வேலை செய்கிற ஒரே கையால், என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் உன்னைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

நீ காரைத் திருப்பிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அவளுடைய அப்பாவிடம் கேட்டேன், அது என்ன பாட்டு என்று. பத்தொன்பது வருடம் குவைத்தில் டிரைவராக இருந்த மனிதர். சங்கடத்தோடு சிரித்தார். "அது ஒண்ணுமில்லீங்க. நாங்க நாலு பேரும் சேர்ந்து தியேட்டர்ல பார்த்தது அந்த ஒரு படந்தான். மறுநாள் எனக்கு பிளைட்டு. இடைவேளையில புள்ளைகளுக்குப் பாப்கார்ன் வாங்கப் போனேன், ஒரே கூட்டம். நான் வாரதுக்குள்ள அந்தப் பாட்டு முடிஞ்சிருச்சு. அப்பா பாக்கலையேன்னு வீட்டுக்கு வந்து இது பாடி ஆடிக் காமிச்சுச்சு. அப்ப ரெண்டாம் வகுப்பு. படம் நல்லாருந்துச்சா இல்லையான்னு எனக்கு நெசமாவே தெரியாதுங்க" என்றார். நீ ஹாரன் அடித்தாய். நான் வந்து ஏறிக்கொண்டேன்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நீ அன்று சொன்ன வாக்கியம் உன்னுடையது இல்லை, என்னுடையது. முப்பது வருடம் புதுக்கோட்டையில் எங்கள் திரைப்பட வட்டத்தில் நான் அதைச் சொல்லிச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், டீக்கடை மாடியில், மாதம் ஒரு படம் போட்டு அதைப் பற்றிப் பேசுவோமே, அங்கே. ஜனவரி மாதம் நான் அந்த வருடத்தின் சிறந்த பத்துப் படங்களையும் பத்துப் பாடல்களையும் வாசிப்பேன். திருமயத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைக்காத மரியாதை அங்கே கிடைத்தது. "சார் என்ன சொல்றாருன்னு பாப்போம்" என்று ஜனம் காத்திருக்கும். ஒரு மனிதன் கெட்டுப்போக அது போதும்.

இனி ஒன்று சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொல்லாதது. என் பட்டியலில் எப்போதும் முதலிடத்தில் இருந்த அந்த வேற்று மொழிக் கறுப்பு வெள்ளைப் படத்தை முதல் தடவை பார்த்தபோது நான் தூங்கிவிட்டேன். பாதிக்கு மேல் தூக்கம். விளக்குப் போட்ட பிறகு ஒரு பேராசிரியர் எழுந்து அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அவர் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு அதையே நான் பேசினேன். எனக்கு உண்மையிலேயே பிடித்த படம், ஒரு யானை நடித்த பக்திப் படம். சின்ன வயதில் பார்த்துவிட்டு, அந்த யானை செத்துப்போகிற இடத்தில் தேம்பித் தேம்பி அழுதேன். திருச்சியில் காலேஜ் சேர்ந்த புதிதில், உனக்குப் பிடித்த படம் எது என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டேன். மூன்று வருடம் என்னை "யானைக்குட்டி" என்றுதான் கூப்பிட்டார்கள். மெஸ்ஸில் நான் தட்டை எடுத்துக்கொண்டு வரும்போது பின்னாலிருந்து பிளிறுவார்கள். பிடித்ததைச் சொன்னால் அவமானம், மதிப்பானதைச் சொன்னால் மரியாதை என்று அங்கே கற்றுக்கொண்டேன். நன்றாகக் கற்றுக்கொண்டேன். அதைவிடக் கேவலம், என்னைப் பார்த்துப் பிளிறியவர்கள் செய்ததையே நான் என் வீட்டில் வந்து செய்தேன். அவர்களாவது பொடியன்கள், சக மாணவனைக் கேலி செய்தார்கள். நான் கட்டிய மனைவியையும் பெற்ற பிள்ளையையும் செய்தேன்.

மாட்டுப் பொங்கல் மதியம் நம் வீட்டில் நடந்த அந்தக் கூத்து உனக்கு ஞாபகம் இருக்கும். ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுப்பேன். பிடித்த படங்கள், பிடித்த பாடல்கள், பக்கத்தில் காரணம். எழுதி முடித்ததும் வாங்கிச் சிவப்புப் பேனாவால் திருத்துவேன். விளையாட்டு என்றுதான் சொல்லிக்கொண்டேன். உனக்குப் பத்து வயதாக இருந்த வருடம், அடுப்பு வேலையெல்லாம் முடித்துவிட்டு உன் அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரு தாள் குடுங்க" என்று அவளே கேட்டாள். பத்து எழுதச் சொன்னால் ஒரே ஒரு பாட்டுத்தான் எழுதினாள். பத்து நாள்கூட ஓடாத ஒரு படத்தில், கதாநாயகிகூட இல்லை, கதாநாயகியின் அக்காவாக வருகிற பெண் களை எடுத்துக்கொண்டே பாடுகிற பாட்டு. காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. நான் பத்துக்கு மூன்று போட்டேன். மெட்டு இரவல், வரிகள் சாதாரணம், காரணம் இல்லை என்று ஓரத்தில் எழுதினேன். சத்தமாக வேறு வாசித்தேன். அவள் சிரித்துக்கொண்டே தாளை வாங்கி மடித்துக்கொண்டாள். "எனக்கு என்னங்க தெரியும், எனக்கு எல்லாமே பிடிக்கும்" என்றாள். அடுத்த வருடத்திலிருந்து தாள் வாங்கவில்லை.

அதை நான் ஒரு நகைச்சுவைத் துணுக்கு ஆக்கினேன். வட்டத்தில் புதிதாக யார் வந்தாலும், "என் வீட்டுக்காரம்மாவுக்கு எல்லாப் பாட்டும் பிடிக்கும், ரசனைக் கோளாறு இல்லை, ரசனையே இல்லாததால் கோளாறுக்கு வழியில்லை" என்று சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். சில சமயம் அவள் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே சிரிப்பார்கள்.

உனக்குச் செய்தது அதைவிட மோசம். நீ பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது வட்டத்தின் ஆண்டு விழாவில், "ரசனை எங்கே தடம் மாறுகிறது" என்று நான் பேசினேன். எடுத்துக்காட்டு வேண்டியிருந்தது. உன் தாளை எடுத்துக்கொண்டு போனேன். ஒற்றைக் கையால் லாரியைத் தூக்குகிற கதாநாயகனின் படத்தை நீ முதலிடத்தில் வைத்திருந்தாய். "இது வேறு யாருமில்லை, என் மகன்" என்று சொல்லி அதை வாசித்தேன். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். உன் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் உனக்குப் பக்கத்தில் இருந்தார்கள். நான் பேசி முடித்து இறங்கியபோது உன் நாற்காலி காலியாக இருந்தது. நீ தனியாகத் திருமயம் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாய். நான் வந்து, "என்னடா, ஒரு ஜோக்கக்கூடத் தாங்க மாட்டியா?" என்று கேட்டேன். அன்றிலிருந்து உன் காதில் ஹெட்போன் ஏறியது. ஒரே வீட்டில் இருந்தும் நீ என்ன கேட்கிறாய் என்பது எனக்குத் தெரியாமலே போனது.

ஆனால் அந்தத் தாளில் நான் வாசிக்காமல் விட்ட ஒரு வரி இருந்தது. அது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மேடையில் அந்த இடத்துக்கு வந்தபோது என் கண் அதைப் பார்த்தது, வாய் தாண்டிப் போய்விட்டது. காரணம் என்ற இடத்தில் நீ எழுதியிருந்தாய்: "இந்தப் படத்துக்குப் போனபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்." அதை வாசித்திருந்தால் மண்டபம் என்னைப் பார்த்தல்லவா சிரித்திருக்கும்! லாரி தூக்குகிறதைப் பார்த்து ரசித்துச் சிரித்தவன் நான்தானே. என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு உன் மானத்தை விற்றேன். இந்த வருடம் பட்டியலுக்குப் பதிலாக இந்தக் கடிதத்தை வட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்க நினைத்திருக்கிறேன். ஆனால் நீ சரி என்றால்தான். கேட்காமல் உன்னை இன்னொரு தடவை மேடையில் நிறுத்த மாட்டேன். அந்தப் பெண்ணின் பேரும் உன் பேரும் இதில் இல்லை. வேண்டாம் என்றால் நீயே கிழித்துப் போட்டுவிடு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் உன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நீ பெங்களூரிலிருந்து ஓடிவந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாய். நீ போன பிறகு நடந்த ஒன்றை உன்னிடம் முழுதாக நான் சொல்லவில்லை. வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள், உன் வயதுதான் இருக்கும். ஒருநாள் என்னிடம், "சார், அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு நாலஞ்சு எழுதிக் குடுங்க. சில பேருக்குப் பேச்சு வராது, ஆனா பழகின பாட்டப் போட்டா கூடவே சொல்லு வந்துரும்" என்றாள். பேனாவைக் கேட்டு வாங்கி, யோசிக்காமல் பத்துப் பாட்டு எழுதிக் கொடுத்தேன். வரிசை எண் போட்டுக் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாகப் போனில் போட்டாள். முதல் பாட்டுக்கு உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது பாட்டு வந்தபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் பாட்டை நிறுத்தினாள். மெதுவாகத்தான் கேட்டாள்: "சார், இது அம்மாவோட லிஸ்டா, ஒங்களோட லிஸ்டா?"

முப்பத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவளுக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்று தெரியும், என்ன மாத்திரை எத்தனை மணிக்கு என்று தெரியும். ஒரு பாட்டு தெரியவில்லை. வராந்தாவுக்கு வந்து உனக்குப் போன் செய்தேன். "அம்மாவுக்கு என்ன பாட்டுடா பிடிக்கும்?" என்றேன். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அந்தக் களை எடுக்குற பாட்டுப்பா. நீங்க மூணு மார்க் போட்டீங்களே, அது" என்றாய். எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. "அதுல அப்படி என்னடா இருக்கு?" என்று கேட்டேன். "அக்காவோட பாட்டுப்பா அது. அம்மா ஒங்கள்ட்டச் சொல்லவே இல்லையா?" என்றாய்.

உனக்கு முன்னால் பிறந்து பதினோரு நாள் இருந்த குழந்தை. எடை குறைவாகப் பிறந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நான் திருச்சியில் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போயிருந்தேன். வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். நான் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் வைத்திருந்த ரேடியோவில் அந்தப் பாட்டு வந்ததையும், அழுதுகொண்டே இருந்த பிள்ளை அதற்கு மட்டும் அடங்கியதையும், பிறகு ரேடியோ இல்லாத நேரத்தில் இவளே அதைப் பாடிப் பாடிப் பிள்ளையை அடக்கியதையும் நீ சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன், அந்த வராந்தாவில், ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு. நீ ப்ளஸ் டூ படிக்கும்போதே உனக்குச் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வந்தாளோ என்னவோ. ஒரு தாளைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தாளே, அன்றைக்குச் சொல்லத்தான் வந்தாளோ? காரணம் எழுத அவளுக்குக் கை வரவில்லை. நான் "காரணம் இல்லை" என்று எழுதி மார்க்கைக் குறைத்தேன்.

அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்தோம். யாரோ பழைய கேசட்டிலிருந்து எடுத்துப் போட்டது, பாதிக்கு இரைச்சல். போட்டதும் உன் அம்மாவின் இடது கை போர்வைக்கு மேல் தட்ட ஆரம்பித்தது. இரண்டாவது அடியில் உதடு அசைந்தது. மூன்றாவது அடியில் ஒரு சொல் வந்தது. பத்தொன்பது நாளுக்குப் பிறகு வந்த முதல் சொல். பயிற்சி கொடுத்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா சார்!" என்றாள். பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

பேச்சு இப்போது முக்கால்வாசி திரும்பிவிட்டது, உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். படமாக இருந்தால் அப்படித்தான் முடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கியிலிருந்து வந்த பிறகு, அவள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும், நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒனக்குப் பிடிச்ச பாட்டெல்லாம் சொல்லு. நான் எழுதிக்கிறேன்" என்றேன். அவளுக்கு இன்னும் சொல் ஒவ்வொன்றாகத்தான் வரும். "எதுக்கு... மார்க்குப்... போடவா?" என்றாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். "இல்ல, சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்றேன். ரொம்ப நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "விடுங்க. காலம்... போயிருச்சு. அவன்ட்ட... சொல்லுங்க" என்றாள். எதைச் சொல்ல என்று நான் கேட்கவில்லை.

சொல்கிறேன். உன் சேனலை நான் பார்க்கிறேன், வேறு ஒரு பெயரில். நன்றாகப் பேசுகிறாய், என்னைவிட நன்றாக. கைகூட என்னை மாதிரியே ஆட்டுகிறாய். நீ ஒரு படத்தைக் கிழிக்கும்போது கீழே ஆயிரம் பேர் சிரித்து எழுதுகிறார்கள். அந்தச் சிரிப்பு எப்படி இனிக்கும் என்று எனக்குத் தெரியும். அதை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. ஊருக்கு நீ பட்டியல் போடு, அது உன் பாடு. ஆனால் ஒருத்தி தனக்குப் பிடித்ததை உன்னிடம் சொல்லும்போது, அவள் தன்னைத்தான் சொல்கிறாள். நீ அங்கே நீதிபதி இல்லை. அவள் முதல் தடவை வாய் திறந்தாள், நீ சிரித்தாய். இரண்டாவது தடவை திறந்தாள், நீ மறித்தாய். எனக்கு எல்லாம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. அது கதவைச் சாத்துகிற சத்தம். நான் அதைக் கேட்டும் புரிந்துகொள்ளாமல் இருபது வருடம் வெளியில் நின்றிருக்கிறேன், அதுவும் சிரித்துக்கொண்டே.

இந்த வாரமே அறந்தாங்கிக்குப் போ. கச்சேரிப் பட்டியல் என்று பேச்செடுக்காதே. அவள் அப்பா லீவில் வந்தபோது என்ன நடந்தது என்று மட்டும் கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார். அவள் சொல்லாமலும் போகலாம். என் பிள்ளை என்பதால் உனக்கு அந்தத் தண்டனை கொஞ்சம் சீக்கிரமே வந்திருக்கலாம். அப்படியென்றால் இன்னொரு நாள் போய்க் கேள். உனக்கு இன்னும் நாள் இருக்கிறது. எனக்கு அது கிடையாது.

தினமும் சாயங்காலம் உன் அம்மா ரப்பர் பந்தை வலது கையில் வைத்து அமுக்கிப் பயிற்சி செய்வாள். அப்போது பாடுவாள். என்னென்னவோ பாட்டு, நான் கேட்டே இராத பாட்டெல்லாம். என் செருப்புச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவாள். பயம் இல்லை. பயமாக இருந்தால் பேசிப் போக்கிவிடலாம். இது பழக்கம், கண் சிமிட்டுகிற மாதிரி, அவளுக்கே தெரியாது. அதனால் கடைக்குப் போய்விட்டு வந்தால் நான் கேட்டைத் திறக்காமல் வெளியிலேயே நின்றுகொள்கிறேன். அன்றைக்கு எதிர் வீட்டுக்காரர், "ஏன் சார் வெயில்ல நிக்கிறீங்க, சாவிய மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இதையும் வெளியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உள்ளே பாடிக்கொண்டிருக்கிறாள். இது நாலாவது பாட்டு. முடிந்த பிறகுதான் நான் உள்ளே போக வேண்டும்.

அப்பா